தாயைக் குறை சொல்லுமுன் அவளுடைய வேலைநாளைப் பாருங்கள்



எமது டிவிசனில் அண்மையில் தாய்மாருக்கென்று ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. வெளியிலிருந்து வந்த ஒருவர் பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்றைப் போட்டுக் காட்டினார். கூட்டுக்குள் ஒரு குரங்குக் குட்டி. அதற்கு இரண்டு பொம்மைத் தாய்கள். ஒன்று கம்பியால் செய்தது, பால் போத்தல் பொருத்தியது. மற்றது துணி சுற்றியது, பால் இல்லாதது. குட்டி துணித் தாயை விட்டு இறங்கவே இல்லை. படம் முடிந்ததும் அவர் சொன்னார்: "பிள்ளைக்குத் தேவை தாயின் அணைப்பு. நீங்கள் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகிறீர்கள், வெளிநாட்டுக்குப் போகிறீர்கள். பிறகு பிள்ளை படிக்கவில்லை, சொல் கேட்கவில்லை என்கிறீர்கள்."

பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருந்த பெண்கள் பதில் பேசாமல் எழுந்து போனார்கள். அவர்கள் சார்பில் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன். அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் அது ஒரு நீண்ட கதையின் முதல் அத்தியாயம் மட்டுமே. முழுக் கதையையும் படித்தால், குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியது கொழுந்து பறிக்கும் தாய் இல்லை என்பது விளங்கும்.

கம்பித் தாயும் துணித் தாயும்

அந்தப் பரிசோதனையைச் செய்தவர் ஹரி ஹார்லோ. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர். 1950களில் அவருடைய ஆய்வுகூடத்தில் ரீசஸ் இனக் குரங்குகள் வளர்க்கப்பட்டன. அந்தக் காலத்தில் அமெரிக்க ஆய்வுகூடங்களுக்கு ஆயிரக்கணக்கான குரங்குகள் இந்தியாவிலிருந்துதான் கப்பலிலும் விமானத்திலும் போயின. 1978 இல்தான் இந்திய அரசு அந்த ஏற்றுமதியை முற்றாக நிறுத்தியது. வந்து சேர்ந்த குரங்குகள் நோயோடு வந்ததால், நோயில்லாத குரங்குகளைத் தாமே பெருக்க ஹார்லோ முடிவு செய்தார். குட்டி பிறந்து சில மணித்தியாலங்களுக்குள் தாயிடமிருந்து பறிக்கப்பட்டது. போத்தல் பால், சுத்தமான கூடு, மருந்து எல்லாம் கிடைத்தன. குட்டிகள் உடம்பு தேறின. ஆனால் கூட்டின் தரையில் விரித்த துணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, துணியை மாற்ற எடுத்தால் அலறின.

அதைப் பார்த்துத்தான் இரண்டு பொம்மைத் தாய்களைச் செய்தார். எட்டுக் குட்டிகளில் நான்குக்குக் கம்பித் தாயிடம் பால், நான்குக்குத் துணித் தாயிடம் பால். பால் எங்கே இருந்தாலும் எட்டுக் குட்டிகளும் நாளின் பெரும்பகுதியைத் துணித் தாயின் மேலேயே கழித்தன. கம்பித் தாயிடம் பால் குடிக்கப் போய், குடித்தவுடன் திரும்பின. பயமுறுத்தும் பொம்மையைக் கூட்டுக்குள் விட்டபோதும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது துணித் தாயிடம்தான்.

இது அன்றைய படித்தவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. ஏனென்றால் அதற்கு முன் ஜோன் வொட்சன் என்ற பேர்பெற்ற அமெரிக்க உளவியலாளர், பிள்ளையைக் கட்டி அணைக்காதே, மடியில் வைக்காதே, காலையில் கைகொடுத்தால் போதும் என்று 1928 இல் புத்தகமே எழுதியிருந்தார். பிள்ளை தாயை நாடுவது பாலுக்காக மட்டுமே என்று பேராசிரியர்கள் படிப்பித்துக்கொண்டிருந்தார்கள். சேலையில் தொட்டில் கட்டிப் பிள்ளையை ஆட்டிய எந்தக் கிழவியைக் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பாள். அவளை யாரும் கேட்கவில்லை.

படத்தில் காட்டாத பேச்சு

ஹார்லோ இந்த முடிவுகளை 1958 ஓகஸ்ட் மாதம் வொஷிங்டனில், அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் பெரிய கூட்டத்தில் அறிவித்தார். அன்பின் இயல்பைப் பற்றிய அந்த உரை இன்றும் பல்கலைக்கழகங்களில் படிப்பிக்கப்படுகிறது. அதன் கடைசிப் பகுதியைத்தான் யாரும் காட்டுவதில்லை.

அந்தப் பகுதியில் அவர் சொன்னதன் சாரம் இது: துணி சுற்றிய பொம்மையே தாயின் வேலையைச் செய்கிறது என்றால், தொழிலாளர் வர்க்கப் பெண்கள் பாலூட்டுவதற்காக வீட்டில் இருக்கத் தேவையில்லை. வருங்காலத்தில் பிறந்த குழந்தைக்குப் பாலூட்டுவது அவசியமாக இருக்காது. அது ஓர் ஆடம்பரமாகி, மேல்தட்டுப் பெண்களுக்கு மட்டும் உரியதாகவும் ஆகலாம்.

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று சிலர் சமாளிப்பார்கள். வேடிக்கையாகவே இருக்கட்டும். யாரைப் பார்த்து அந்த வேடிக்கை? தன் வர்க்கத்துப் பெண்களைப் பார்த்து அல்ல. வேலைக்குப் போகும் ஏழைத் தாய்க்குப் பதிலாக ஒரு துணிப் பொம்மை போதும் என்பதுதான் அந்த ஆராய்ச்சியிலிருந்து எடுத்த முதல் அரசியல் முடிவு. இன்று அதே படத்தைக் காட்டி, வேலைக்குப் போகும் ஏழைத் தாய் பிள்ளையைக் கெடுக்கிறாள் என்கிறார்கள். அன்று தாய் தேவையில்லை. இன்று தாய் குற்றவாளி. ஒரே குரங்குக் குட்டி இரண்டுக்கும் சாட்சி!

அதே உரையில் அவர் சொன்ன இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பால்தான் பாசத்துக்குக் காரணம் என்பது பிழையானால், பிள்ளை வளர்ப்பில் ஆண்களும் பெண்களுக்குச் சமமாக நிற்க முடியும் என்றார். இதை நம் ஆண் தோழர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். பகல் ஒரு மணிக்குக் கவ்வாத்து வேலை முடித்து வந்து, மனைவி பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்வரை பிள்ளையைத் தூக்காமல் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த ஆராய்ச்சி.

துணித் தாய் வளர்த்த பிள்ளைகள்

குட்டிகள் வளர்ந்தபோது ஹார்லோவின் வேடிக்கை உடைந்தது. துணித் தாயோடு தனியாக வளர்ந்தவை, பெரிதானபின் மற்றக் குரங்குகளோடு சேரத் தெரியாமல் நின்றன. தன்னைத்தானே கட்டிக்கொண்டு ஆடின, தன் கையையே கடித்தன. அவற்றில் பெண் குரங்குகளைக் கட்டாயப்படுத்திக் கர்ப்பமாக்கினார்கள். குட்டி பிறந்தபோது சில தாய்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சில தாய்கள் அடித்தன, மிதித்தன, கொன்றன. அடிபட்ட குட்டிகளோ மீண்டும் மீண்டும் அந்தத் தாயிடமே ஊர்ந்து போயின.

இதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. குட்டிகளை ஒரு வருடம்வரை வேறு எந்த உயிரையும் காணாதபடி தனி அறையில் அடைத்தார். வெளியே எடுத்தபோது அவை உயிரோடு இருந்தன. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு நல்ல பாடமும் கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் ஹார்லோவும் அவருடைய மாணவர் ஸ்டீபன் சுவோமியும், ஆறு மாதம் தனிமையில் அடைபட்ட குரங்குகளோடு மூன்று மாதமே ஆன, ஒழுங்காக வளர்ந்த பெண் குட்டிகளை விளையாட விட்டார்கள். சின்னக் குட்டிகள் பயமில்லாமல் போய் ஒட்டிக்கொண்டன. நாளடைவில் அடைபட்டவை பெருமளவு தேறின. தனிமையால் வந்த காயம் கூட்டத்தால் ஆறியது. பாட்டி, பெரியம்மா, அக்கா, பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்கள் என்று பத்துக் கை மாறி வளரும் லயத்துப் பிள்ளையைக் "கெட்டுப்போன பிள்ளை" என்று எழுதிவைப்பவர்களுக்கு இந்த அத்தியாயமும் தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனை கொடுமை தேவைப்பட்டதா?

"விஞ்ஞானம் வளர வேண்டாமா?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பதிலும் இருக்கிறது.

ஹார்லோ கம்பியை வளைக்கத் தொடங்குமுன்பே, 1945 இல் ரெனே ஸ்பிட்ஸ் என்ற டொக்டர் இரண்டு இடங்களை ஒப்பிட்டு எழுதிவிட்டார். ஒன்று அநாதைக் குழந்தைகள் இல்லம். சுத்தமானது, சாப்பாடும் மருந்தும் உண்டு. ஆனால் ஒரு தாதிக்குப் பல குழந்தைகள். மற்றது பெண்கள் சிறைச்சாலையில் இருந்த குழந்தைகள் பகுதி. அங்கே கைதிகளான தாய்மாரே தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். சிறைக் குழந்தைகள் நன்றாக வளர்ந்தன. சுத்தமான இல்லத்திலோ இரண்டு வருடத்துக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோயின. 1951 இல் ஜோன் போல்பி என்ற ஆங்கிலேய டொக்டர் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில் இவற்றையெல்லாம் தொகுத்தார். 1952 இல் ஜேம்ஸ் ரொபர்ட்சன், வைத்தியசாலையில் தாயைப் பிரிந்து கிடந்த இரண்டு வயதுப் பிள்ளையைப் படம் பிடித்துக் காட்டினார்.

ஆக, உண்மை தெரிந்திருந்தது. தெரிந்த உண்மையை நடைமுறைப்படுத்தக் காசும் மனமும் இல்லாதவர்கள்தான் இன்னும் அத்தாட்சி வேண்டும் என்று கேட்டார்கள். அத்தாட்சி தேட இன்னும் குட்டிகள் பறிக்கப்பட்டன. சுவோமி பின்னர் அமெரிக்க அரசின் ஆய்வுகூடத்தில், தாயில்லாமல் குட்டிகளை வளர்த்துப் பார்க்கும் வேலையைப் பல தசாப்தங்கள் தொடர்ந்தார். எதிர்ப்புகள் எழுந்தபின் 2015 இல்தான் அது முடிவுக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. வயிற்றில் குட்டி தொங்க மரத்துக்கு மரம் தாவும் குரங்கைத் தினமும் பார்க்கும் மலையகத்தவர் நாம். மரக்கறிப் பாத்தியை நாசமாக்குகிறதே என்று கல்லெறிந்தாலும், குட்டியோடு இருப்பதைப் பார்த்தால் கை தாழ்ந்துவிடும். அந்தக் கை தாழ்வதற்கு எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை.

பிரியாத தாய், கெட்டுப்போன குட்டி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கூட்டங்களில் காட்டப்படாத, ஆனால் நமக்கு மிகத் தேவையான ஒரு பரிசோதனை.

1984 இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் லெனர்ட் ரோசன்பிளம் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாவும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்தது தென்னிந்தியாவின் நாட்டுக் குரங்கு. நம் தோட்டங்களுக்கு வரும், சிங்களத்தில் ரிலவா எனப்படும் குரங்கின் நெருங்கிய உறவு. அவர்கள் தாயையும் குட்டியையும் பிரிக்கவில்லை. தாய்க்குச் சாப்பாடு கிடைக்கும் விதத்தை மட்டும் மாற்றினார்கள்.

முதல் கூட்டத்துக்குச் சாப்பாடு இலகுவாகக் கிடைத்தது. இரண்டாம் கூட்டத்துக்கு எப்போதும் மறைத்து வைத்தார்கள். தாய் நெடுநேரம் தேடித்தான் எடுக்க வேண்டும். மூன்றாம் கூட்டத்துக்கு இரண்டு கிழமை இலகு, இரண்டு கிழமை கஷ்டம் என்று மாறி மாறி. மூன்று கூட்டத்திலும் பட்டினி இல்லை.

எந்தக் குட்டிகள் கெட்டுப்போயின? கடுமையாக உழைத்த தாய்களின் குட்டிகள் என்றுதான் நினைப்போம். அவை பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. உடைந்துபோனவை மூன்றாம் கூட்டத்துக் குட்டிகள். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத தாய்களின் குட்டிகள். அந்தத் தாய்கள் பதற்றத்தில் இருந்தன, குட்டியின் அழைப்பைக் கவனிக்க முடியவில்லை. குட்டிகள் தாயை விட்டு இறங்கப் பயந்தன, விளையாடவில்லை, சில சோர்ந்து சுருண்டு கிடந்தன. இந்த முறையில் வளர்ந்த குரங்குகளைப் பெரிதானபின் சோதித்து 1996 இல் வெளியிட்ட ஆய்விலும், மன அழுத்தத்தோடு தொடர்புடைய இரசாயனம் அவற்றின் முதுகுத்தண்டு நீரில் கூடுதலாகவே இருந்தது.

தோழியரே, இதை இரண்டு தடவை வாசியுங்கள். கடின உழைப்பு அந்தத் தாயை உடைக்கவில்லை. நிச்சயமின்மை உடைத்தது. தாய் குட்டியோடுதான் இருந்தாள். கூடு போட்டவன், சாப்பாட்டை ஒளித்தவன், முறையை மாற்றியவன் வேறொருவன்.

"எங்களைக் குரங்கோடு ஒப்பிடுகிறீர்களா மாஸ்டர்?" என்று நீங்கள் கேட்கலாம். ஒப்பிட்டது நான் இல்லை. படம் போட்டுக் காட்டியவர்கள்தான் முதலில் ஒப்பிட்டார்கள். குரங்கில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. ஆனால் எங்களைக் குற்றம் சாட்டக் குரங்கு சாட்சி சொல்லலாமென்றால், எங்கள் பக்கமும் அது சாட்சி சொல்லட்டும்.

நம் மலையில் நிச்சயமின்மை எப்படி இருக்கிறது? காலையில் பெரட்டுக்குப் போகும் தாய்க்கு, இன்று முழுப்பேரா அரைப்பேரா என்பது மாலையில் தராசு சொன்னால்தான் தெரியும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அதன்பின் பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோ கூட்டப்பட்டது, வேலைநாட்கள் குறைக்கப்பட்டன. ஒரு கிழமை ஆறு நாள் வேலை, மறு கிழமை மூன்று நாள். கொழுந்து இல்லாத மாதம் கைக்காசுக்கு எங்கே போவது என்ற யோசனை. ரோசன்பிளமின் மூன்றாவது கூட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்தக் கூட்டில் பட்டினியாவது இல்லை.

அரசாங்கத்தின் அளவுகோல்

தாய்ப்பாசம் பற்றிப் பேசும் அரசாங்கங்களின் நேர்மையையும் பார்த்துவிடுவோம். 2013 முதல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிக்கு வெளிநாடு போக முடியாது என்றார்கள். குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். பிள்ளைக்குத் தாய் தேவை என்பதுதான் சொன்ன காரணம். அந்தத் தாய் ஏன் போகிறாள், போகாவிட்டால் என்ன சாப்பிடுவாள் என்று கேட்கவில்லை. 2022 இல் நாட்டில் டொலர் தீர்ந்தது. அந்த ஜூன் மாதமே அமைச்சரவை ஐந்து வயதை இரண்டு வயதாகக் குறைத்தது. மூன்று வயதுப் பிள்ளையின் மனம் ஒரே மாதத்தில் மாறிவிட்டதா? மாறியது கஜானா. தாய்ப்பாசத்துக்கு வயதெல்லை வைத்தது பிள்ளையின் தேவை அல்ல, டொலரின் தேவை.

என் வகுப்பில் அம்மாயியின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாமார் அனுப்பும் காசில்தான் சப்பாத்தும் கொப்பியும் வருகின்றன. அந்த அம்மாவைக் குறை சொல்லும் தகுதி, அவளுக்கு இங்கே நிச்சயமான வேலைநாள் கொடுக்காத எவருக்கும் இல்லை.

போல்பியின் பெயரைச் சொல்லித்தான் உலகம் முழுவதும் தாய்மாரை வீட்டுக்குள் போகச் சொன்னார்கள். ஆனால் 1951 அறிக்கையிலேயே அவர், பிள்ளைகளை மதிக்கும் சமுதாயம் முதலில் அவர்களுடைய பெற்றோரைப் பேண வேண்டும் என்ற கருத்தை எழுதியிருக்கிறார். அந்த வரிக்குச் செலவு உண்டு. அதனால் அதை யாரும் படம் போட்டுக் காட்டுவதில்லை.

நாம் கேட்பது

ஆகவே விழிப்புணர்வு தேவைப்படுவது தோட்ட நிர்வாகங்களுக்கும் கம்பனிகளுக்கும் அரசாங்கத்துக்கும்தான். பிள்ளையின் மனநலத்தில் அவர்களுக்கு உண்மையான அக்கறை இருந்தால், கீழ்வருவனவற்றைச் செய்யட்டும்.

முதலாவது, பாலூட்டும் நேரம். மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக்காம்பரா இருந்தால் அரை மணித்தியாலம் வீதம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம் வீதம். இது சலுகை அல்ல, சட்டம். ஆனால் மலை இரண்டு மைல் தள்ளி இருக்க, அரை மணித்தியாலம் நடப்பதற்கே போகிறது. எனவே பாலூட்டும் தாய்க்குப் பிள்ளைக்காம்பராவுக்குக் கிட்டிய மலையில் வேலை கொடு. இடைவேளை எடுத்த நேரத்துக்கு ஏற்பக் கிலோவைக் குறை. பால் கொடுத்ததற்காக எந்தத் தாய்க்கும் அரைப்பேர் போடாதே.

இரண்டாவது, பிள்ளைக்காம்பரா. பெயர்ப்பலகையைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று மாற்றினால் போதாது. சுத்தமும் சாப்பாடும் இருந்தும் தூக்குவதற்குக் கை இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதை ஸ்பிட்ஸ் எழுதிவைத்திருக்கிறார். பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பராமரிப்பாளர்கள் வேண்டும். அவர்கள் நிரந்தரமாக இருக்க வேண்டும். பிள்ளை ஒரு முகத்தைப் பழகுமுன் ஆளை மாற்றக் கூடாது.

மூன்றாவது, நிச்சயமான வேலைநாள். மாதத்துக்கு இத்தனை நாள் வேலை உறுதி என்று எழுத்தில் வேண்டும். பறிக்க வேண்டிய கிலோவைத் துரையின் விருப்பத்துக்கு மாற்ற முடியாதபடி சங்கத்தோடு பேசி முடிவு செய்ய வேண்டும். சம்பளப் போராட்டம் வேறு, பிள்ளை வளர்ப்பு வேறு என்று நினைக்காதீர்கள். தாயின் மனம் அமைதியாக இருந்தால்தான் அவள் மடியும் அமைதியாக இருக்கும்.

நான்காவது நமக்கு நாமே. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அடுத்த கூட்டத்தில் தன் டிவிசனில் பாலூட்டும் தாய்மார் எத்தனை பேர், எத்தனை பேருக்கு இடைவேளை கிடைக்கிறது, எத்தனை பேருக்கு அரைப்பேர் விழுந்தது என்று பட்டியல் எடுக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்குத் தாய்மார் வருவதற்காக, அன்று பிள்ளைகளை அப்பாமார் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியலை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். சட்டத்தை மீறும் இடங்களைத் தொழில் திணைக்களத்தில் முறையிடச் சங்கம் தயாராக இருக்கிறது.

பிள்ளைக்கு அணைப்பு தேவை என்பதை நிரூபிக்க இனி ஒரு குட்டியையும் தாயிடமிருந்து பறிக்கத் தேவையில்லை. அது போதுமான அளவுக்கு நிரூபிக்கப்பட்டுவிட்டது. அணைக்க நேரம் கொடுப்பதுதான் பாக்கி. அந்த நேரம் துரையின் செக்ரோலில் இருக்கிறது. அதைச் சங்கமாகச் சேர்ந்து கேட்டு வாங்குவோம்!